நீ யாரிடம் சொல்வாய்?

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் 'கை டீச்சர்' என்று பெயர். பிள்ளைகள் வைத்த பெயர். வகுப்புக்குள் நுழைந்ததும் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகை நிறைய ஒரு கையை வரைந்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். உண்மையில் அவள் அறிவியல் டீச்சர். மூன்று வருடத்துக்கு முன்னால், குழந்தைகள் பாதுகாப்பு பற்றிய ஆறு நாள் பயிற்சிக்கு யாராவது ஒருவர் போக வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை, அவள் "நான் போறேன்" என்றாள். போனவள் அந்த வேலையிலேயே ஊறிப்போனாள்.

வெட்கப்படாமல் பேச அவளுக்கு வந்தது. உடம்பின் பாகங்களை அதனதன் பெயரால் சொல்வாள். பிள்ளைகள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஐந்து நிமிடத்தில் சிரிப்பு அடங்கி, காது என்பது போல, முழங்கை என்பது போல அந்தச் சொற்களும் சாதாரணமாகிவிடும்.

"காரணமே இல்லாம ஒருத்தர் உனக்குத் திரும்பத் திரும்பப் பரிசு குடுத்தா?"

"வீட்ல சொல்லணும்!"

"இது நமக்குள்ள ரகசியம், அம்மாகிட்ட சொல்லாதேன்னா?"

"அதைத்தான் முதல்ல சொல்லணும்!" அறையே அதிரும்.

"நீ சொல்றதை ஒருத்தர் காது குடுத்துக் கேக்கலைன்னா?"

"அடுத்தவர்கிட்ட சொல்லணும்!"

கதை சொன்னால்தான் பிள்ளைகள் மனதில் பதியும் என்பது அவள் கட்சி. 'ஒரு பாப்பா இருந்துச்சாம்' என்று ஆரம்பித்தால் கடைசி பெஞ்சு கூட அசையாது. அவள் வகுப்பைப் பார்த்துவிட்டு மற்ற பள்ளிகளிலிருந்தும் கூப்பிட்டார்கள். பதினாறு பள்ளிகளுக்குப் போய்வந்துவிட்டாள். கணக்கு டீச்சர் கிண்டலாக, "இனிமே உங்களைப் பாக்கணும்னா முன்கூட்டியே சொல்லி வெக்கணும் போல" என்பாள். அவளும் சிரித்துக்கொள்வாள். அந்தக் கிண்டல் அவளுக்கு இனித்தது.

அவளுடைய மகள் அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு. வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். எட்டு வயது. மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை.

அந்தப் புதன்கிழமை, சிட்டு படிக்கும் மூன்றாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு அவள் பாடம் எடுத்தாள். ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து, இடது கையை அதில் வைத்துச் சுற்றி வரையச் சொன்னாள்.

"அஞ்சு விரல்லயும் அஞ்சு பெரியவங்க பேர் எழுதணும். உனக்கு ஒரு கஷ்டம் வந்தா யார்கிட்ட போய்ச் சொல்வே? யோசிச்சு எழுதுங்க. பக்கத்துல எட்டிப் பாக்கக் கூடாது, இது பரீட்சை இல்லை."

நாற்பத்தொரு தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பினாள். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் இவற்றையெல்லாம் தாழ்வாரச் சுவரில் ஒட்டுவதாக ஏற்பாடு. கட்டைவிரலில் அம்மா, அம்மா, அம்மா. ஒருவன் 'அமா' என்று எழுதியிருந்தான். இன்னொருத்தி ஐந்து விரலுக்கும் நகப்பூச்சு போட்டுவிட்டுப் பெயர் எழுத மறந்திருந்தாள். ஒரு பையன் சுண்டுவிரலில் தன் நாயின் பெயரை எழுதி, அடைப்புக்குறிக்குள் 'பெரிய நாய்தான்' என்று விளக்கமும் கொடுத்திருந்தான். அதைக் கணக்கு டீச்சரிடம் காட்டி இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவள் அடுத்த தாளைத் திருப்பினாள்.

சிட்டுவின் கை. கட்டைவிரலில் 'ஆயாம்மா'. ஆள்காட்டி விரலில் 'அப்பா'. நடுவிரலில் மறுபடியும் 'ஆயாம்மா'. மோதிரவிரலில் வகுப்பு டீச்சர். சுண்டுவிரல் காலி.

காலி என்றும் சொல்ல முடியாது. பென்சிலால் எழுதி, ரப்பரால் அழுத்தித் தேய்த்த தடம் இருந்தது. தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். 'அம்மா' என்று எழுதி அழித்திருந்தது.

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனால் அவளுக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. வெள்ளிக்கிழமை இது சுவரில் இருக்கும், எல்லாரும் பார்ப்பார்கள் என்ற பதற்றம்தான். கை டீச்சர் பெற்ற பிள்ளையின் கையில் கை டீச்சர் இல்லை. கணக்கு டீச்சர் திரும்பிக்கொண்டு டிபன் டப்பாவைக் கழுவப் போனாள். அந்த இடைவெளியில் அவள் மேஜையிலிருந்த பென்சிலை எடுத்து, அழித்த தடத்தின் மேலேயே, குழந்தையின் கோணல் எழுத்து மாதிரி 'அ' என்று போட்டாள். 'ம்' போடுவதற்குள் கை நின்றுவிட்டது. என்ன காரியம் செய்கிறோம் என்று உறைத்தது. அவசரமாக அழித்தாள். தாள் அந்த இடத்தில் நைந்து, சின்ன ஓட்டையே விழுந்துவிட்டது. மடித்துக் கைப்பையில் திணித்துக்கொண்டாள். கணக்கு டீச்சர் திரும்பி வந்து, "மொத்தம் எத்தனை?" என்று கேட்டபோது, "நாப்பது" என்றாள்.

சாயங்காலம் வீட்டில், ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த மகளிடம் சாதாரணமாகக் கேட்பது போல் கேட்டாள்.

"சிட்டு, உன் கைல அம்மா பேரை ஏன் எழுதலை?"

சிட்டு ஷூ கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "விரல் பத்தலை."

"ஒரு விரல் காலியாத்தானே இருந்துச்சு?"

"அது சின்ன விரல். பேர் உள்ள போகலை."

சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வந்திருக்குமோ என்னவோ, பதில் வந்துவிடுமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

மறுநாள் காலை, பிரார்த்தனை மணி அடிக்கும் முன்பே ஆயாம்மாவைத் தேடிப் போனாள். ஆயாம்மா பள்ளியில் துப்புரவு வேலை பார்ப்பவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வலது முழங்காலை மடக்க முடியாமல் நின்றபடியே துடைப்பார். கீழ்த்தளக் கழிப்பறை வாசலில் ஃபினாயில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஆயாம்மா, என் பொண்ணு உங்ககிட்ட அடிக்கடி வந்து பேசுறாளாமே. அப்படி என்ன பேசுறா?" கேட்ட தொனியில் ஒரு அதட்டல் இருந்ததை அவளே உணர்ந்தாள்.

ஆயாம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "உங்ககிட்ட சொல்லணும்னு ரெண்டு தடவை வந்தேன் டீச்சர்."

"எப்ப வந்தீங்க?"

"போன திங்கக்கிழமை ஒரு தடவை. நீங்க கம்ப்யூட்டர்ல ஏதோ பண்ணிட்டிருந்தீங்க. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள, லீவுன்னா ஆபீஸ்ல எழுதிக் குடுங்கன்னு சொல்லிட்டீங்க. அப்புறம் செவ்வாக்கிழமை வந்தேன். வேற ஸ்கூலுக்குக் கிளம்பிட்டிருந்தீங்க."

அவளுக்கு இரண்டுமே நினைவு வந்தது. தலையைக் கூட நிமிர்த்தாமல் சொன்னதும் நினைவு வந்தது.

"சொல்லுங்க, இப்ப சொல்லுங்க."

ஆயாம்மா இருபுறமும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். பள்ளி விட்ட பிறகு சிட்டு கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வெளியே வராமல் இருந்தாள். முதல் நாள் வயிற்று வலி என்றாள். இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் ஆயாம்மா கதவுக்கு வெளியே வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டு, "நீ வர்ற வரைக்கும் நானும் இங்கயேதான்" என்றிருக்கிறார். கால்மணி நேரம் கழித்துக் கதவுக்கு உள்ளேயிருந்தே குழந்தை சொல்லியிருக்கிறாள்.

"தெருமுனை ஸ்டேஷனரிக் கடைக்குப் போகப் பிடிக்கலையாம், டீச்சர்."

அந்தக் கடைக்காரரைத் தெருப் பிள்ளைகள் எல்லாரும் 'ஸ்டிக்கர் மாமா' என்பார்கள். பென்சில் வாங்கினாலும் சரி, ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுத்தாலும் சரி, ஒரு ஸ்டிக்கர் இலவசம். சிரித்த முகம். அவளுடைய வகுப்புத் தாள்களுக்கெல்லாம் அங்கேதான் ஜெராக்ஸ். சாயங்காலம் கூட்டம் இருந்தால், "நீ போய் மாமாகிட்ட பேப்பரை வாங்கிட்டு வந்துடு, கெட்டிக்காரப் பொண்ணு" என்று சிட்டுவைத்தான் அனுப்புவாள்.

"உள் ரூம்ல மெஷின் கிட்ட கூப்பிட்டு மடியில உக்காரச் சொன்னானாம். மாட்டேன்னிருக்கா. கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வெச்சு, இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு முத்தம் குடுன்னிருக்கான். யாரோ கடைக்கு வந்து குரல் குடுத்ததும் விட்டுட்டான். ஒரு அட்டை ஸ்டிக்கர் கைல திணிச்சு, இது நமக்குள்ள ரகசியம்னு சொல்லியிருக்கான். அதுக்கப்புறம் ரெண்டு தடவை பேப்பர் வாங்க நான்தான் போனேன், டீச்சர். நீங்க பாப்பாவை அனுப்புனீங்க, பாப்பா என்னை அனுப்புச்சு. இனிமே நான்தான் வருவேன், பாப்பா வராதுன்னு அவன் மூஞ்சியைப் பாத்துச் சொல்லிட்டு வந்தேன்."

மணி அடித்தது. பிள்ளைகள் திமுதிமுவென்று வரிசைக்கு ஓடினார்கள்.

அந்தத் தாள்கள் என்ன தாள்கள் என்று அவளுக்குத் தெரியும். 'உன் உடம்பு உன்னுடையது' என்று மேலே கொட்டை எழுத்தில் போட்ட தாள்கள். அவற்றை வாங்கி வரத்தான் மகளை அனுப்பினாள். சிட்டு ஒரு நாள், "அந்தக் கடைக்கு நான் போகலைம்மா, கால் வலிக்குது" என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது. மறுநாள் ஆசிரியர் அறையில் அதை நடித்தே காட்டினாள். "வீட்டைச் சுத்தி ஓடுறதுக்குக் கால் வலிக்காது, கடைக்குப் போகச் சொன்னா மட்டும் வலிக்கும்!" எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லலையாம்?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

ஆயாம்மா தயங்கினார். "அதைப் பாப்பாகிட்டயே கேளுங்க, டீச்சர். அது என் வாயால வேணாம்."

அன்று அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மகளை வகுப்பிலிருந்து கூப்பிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டு மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். பதினாறு பள்ளிகளில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். குழந்தையின் கண் மட்டத்துக்கு வா, குரலைத் தாழ்த்து, குறுக்கே பேசாதே, நீ சொன்னதை நம்புறேன் என்று சொல். எல்லாம் தெரியும்.

"ஆயாம்மா சொன்னாங்க, சிட்டு. நீ சொன்னது அத்தனையும் நான் நம்புறேன். உன்மேல எந்தத் தப்பும் இல்லை."

சிட்டு மேஜை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"என்கிட்ட ஏன்டா கண்ணா சொல்லலை?"

"சொன்னா நீ க்ளாஸ்ல சொல்லிடுவே."

"நான் எப்படிடா அதைப் போய்…"

"சொன்னியே. நான் ரெண்டாம் க்ளாஸ்ல ப்ரேயர்ல ஒண்ணுக்குப் போயிட்டேன்ல. யார்கிட்டயும் சொல்லாதேன்னு உன்கிட்ட சொன்னேன்ல. நீ எல்லா க்ளாஸ்லயும் கதையா சொன்னே."

அவளுக்கு நினைவிருந்தது. தலை வாரிவிடும்போது, கண்ணாடியில் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், கேவிக் கேவி அழுதுகொண்டே குழந்தை சொன்னாள். அன்று அணைத்துக்கொண்டு சமாதானம் செய்தாள். இரண்டே வாரத்தில் அது பாடமாகிவிட்டது. 'ஒரு பாப்பா இருந்துச்சாம். பாத்ரூம் போகணும்னு டீச்சர்கிட்ட கேக்க வெக்கமாம். அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா?' அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, குனிந்து காலடியைப் பார்ப்பது போல் நடிப்பாள். வகுப்பு உருண்டு புரண்டு சிரிக்கும். பெயர் சொல்லவில்லையே என்று அவளுக்கு நிம்மதி.

"பேர் சொல்லலையே, சிட்டு."

"எல்லாருக்கும் தெரியும். அன்னைக்கு எல்லாரும் பாத்தாங்கல்ல. எல்லாரும் மறந்துட்டாங்க. நீ சொன்னதும் மறுபடி ஞாபகம் வந்துடுச்சு. என்னை ஈரம்னு கூப்பிடுறாங்க."

"எத்தனை நாளா?"

"அப்பலேர்ந்து."

ஒரு வருடம். ஒரு வருடமாகத் தன் மகளுக்கு அப்படி ஒரு பட்டப்பெயர் இருந்தது அவளுக்குத் தெரியாது. அந்தப் பெயரை வைத்தது பிள்ளைகள் இல்லை, தான்தான் என்று தோன்றியபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"மன்னிச்சுடு, சிட்டு. அம்மா செஞ்சது ரொம்பத் தப்பு."

சிட்டு நிமிர்ந்து பார்த்தாள். கிண்டல் இல்லை, கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "நீ மன்னிப்பு கேட்டதையும் க்ளாஸ்ல சொல்லுவியா?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

கணவன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஆறு மணிக்கு வந்தவனிடம், மகள் உள்ளறையில் இருக்கும்போது சொன்னாள். எழுந்து சட்டையைக் கூட மாற்றாமல் செருப்பைத் தேடினான். "அவன் கையை உடைச்சுட்டு வர்றேன்." வாசல் வரை போனவன் அங்கேயே நின்றான். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். கிரீஸ் போகாத விரல்களால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

"போலீசுக்குப் போனா குழந்தையைக் கேள்வி கேப்பாங்க. தெருவே பேசும். நாளைக்கு அவ எப்படி ஸ்கூலுக்குப் போவா?"

"ம்."

"பேசாம வேற ஏரியாவுக்கு வீடு பாத்துடலாமா?"

"ம்" என்றாள் அவள்.

இதே பேச்சை எத்தனை பெற்றோர் அவளிடம் பேசியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும், 'நீங்க வாயை மூடிக்கிட்டா அவனுக்குத்தாங்க தைரியம்' என்று கை நீட்டிப் பேசியிருக்கிறாள். இன்று அந்தக் கை மடியிலேயே கிடந்தது. தெரு பேசும் என்பதைவிட, தன் பள்ளி பேசும் என்பதுதான் அவளை அமுக்கியது. பாதுகாப்புப் பாடம் எடுக்கிறவள் பிள்ளைக்கே இப்படியா. அந்த ஒரு வரி காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பயந்துதான் 'ம்' என்றாள் என்பதைக் கணவனிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை தாழ்வாரச் சுவரில் நாற்பது கைகளை ஒட்டினார்கள். ஆயாம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டார்.

"புகார் குடுத்தாச்சா, டீச்சர்?"

"குடுத்தாச்சு" என்றாள்.

பொய் அவ்வளவு எளிதாக வந்தது. ஆயாம்மாவின் முகம் தெளிந்தது. பெருமூச்சு விட்டார்.

"அப்பாடா. எனக்கு உயிரே இல்லை, டீச்சர். நேத்து சாயங்காலம் கூட நாலாம் க்ளாஸ் பொண்ணு ஒண்ணு, அந்த ரெட்டைச் சடை, தனியா அந்தக் கடை வாசல்ல நின்னுட்டிருந்துச்சு. போ வீட்டுக்குன்னு விரட்டி விட்டேன். இனிமே பயமில்லை."

அவள் ஏணியின் மூன்றாவது படியில் நின்றாள். கையில் ஒட்டுநாடா. கீழே ஆயாம்மா, கால் வலியோடு, அவளுக்காக ஏணியைப் பிடித்துக்கொண்டு. தான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த ஒரு நாளில் இந்த அம்மாள் தெருவில் நின்று யார் பெற்ற பிள்ளையையோ விரட்டிவிட்டிருக்கிறார். அவள் கீழே இறங்கினாள்.

"ஆயாம்மா, நான் பொய் சொன்னேன். இன்னும் குடுக்கலை. நேத்து முழுக்கப் பேசாம இருந்துட்டேன்."

ஆயாம்மா அவளையே பார்த்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த அம்மாள் ஏசவில்லை.

"இப்பப் போலாம், வாங்க" என்றார். "நானும் வர்றேன். என்கிட்டதானே சொல்லுச்சு, நானும் சொல்லணும்ல?"

அந்த ஊரில் குழந்தைகள் வழக்குக்கென்று தனியாக ஒரு அலுவலகம் இருந்தது. சிட்டுவையும் வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு அங்கே கிளம்பினார்கள். அவள் கணவனுக்குத் தொலைபேசியில், "நான் போறேங்க. நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி" என்றாள். அவன் பணிமனை உடையோடே வந்துவிட்டான். சீருடை இல்லாத ஒரு பெண் அதிகாரி வந்து சிட்டுவிடம் குனிந்து பேசினாள். உள்ளே ஒரு சின்ன அறை, தரைவிரிப்பு, வண்ணப் பென்சில்கள்.

"உள்ள யாராவது ஒருத்தர் உன்கூட உக்காரலாம், பாப்பா. யார் வேணும்?"

சிட்டு மூவரையும் பார்த்தாள். அம்மாவின் மேல் பார்வை கொஞ்சம் அதிக நேரம் நின்றது. பிறகு ஆயாம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அம்மா வெளிய இருக்கட்டும்."

ஆயாம்மா சங்கடத்தோடு தன் துணிப்பையை அவளிடம் நீட்டினார். "இதைக் கொஞ்சம் வெச்சிருங்க, டீச்சர்." கதவு சாத்திக்கொண்டது.

நடைபாதை பெஞ்சில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். பையில் ஃபினாயில் வாடை. ஒரு சாப்பாட்டு டப்பா, முழங்கால் வலி களிம்பு, ஒரு சின்ன ரப்பர். அந்த ரப்பர் சிட்டுவுடையது. ஏதோ ஒரு நாள் கொடுத்து வைத்திருக்க வேண்டும். பெஞ்சின் அந்தக் கோடியில் கணவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் அழுவதை அவள் பார்த்ததில்லை. கையை நீட்டி ஆறுதல் சொல்லக்கூட அவளுக்குக் கூசியது. எதை வைத்துக்கொண்டு ஆறுதல் சொல்வது?

பிறகு அதிகாரி அவளையும் தனியாகக் கூப்பிட்டு எழுதிக்கொண்டாள். "கடைக்கு யார் அனுப்பினது?" "நான்." "எதுக்கு?" சொன்னாள். அதிகாரியின் பேனா ஒரு கணம் நின்று, பிறகு எழுதியது. "உங்க தொழில்?" அதையும் சொன்னாள். வாழ்க்கையில் எந்தக் கேள்விக்கும் அவ்வளவு மெதுவான குரலில் பதில் சொன்னதில்லை.

அன்று சாயங்காலமே அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கடை ஷட்டர் இறங்கியது. தெருவில் சிலர், "நல்ல மனுஷன், குழந்தைங்கன்னா உயிரு, ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க" என்று பேசினார்கள். ஆனால் அடுத்த வாரம் வேறு இரண்டு வீட்டிலிருந்து புகார் வந்தது. அதில் ஒன்று அந்த ரெட்டைச் சடைப் பெண்ணின் வீடு. அந்தப் பெண்ணுக்கு நடந்தது ஆயாம்மா விரட்டிவிட்ட அந்த வியாழக்கிழமைக்கு முன்பே நடந்தது என்று தெரிந்தபோது, தான் தாளைக் கைப்பையில் மறைத்த நாளையும், ஆயாம்மா முதல் தடவை வந்து நின்ற நாளையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஆயாம்மா வந்தது திங்கள். அந்தப் பெண்ணுக்கு நடந்தது செவ்வாய். திங்களன்று தலையை நிமிர்த்தியிருந்தால் போதும்.

இதை யாரும் அவள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குத் தலையையாவது ஆட்டியிருக்கலாம்.

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. மூன்று மாதம் அவள் பாதுகாப்பு வகுப்பு எடுக்கவில்லை. அந்த மாதங்களில் தலைமையாசிரியையிடம் சண்டை போட்டு ஒன்று மட்டும் செய்தாள். துப்புரவு செய்பவர், காவலாளி, வேன் ஓட்டுநர் யாராக இருந்தாலும், ஒரு குழந்தை சொன்னதாகச் சொல்லிக்கொண்டு வந்தால் ஆசிரியர்கள் வேலையை அப்படியே போட்டுவிட்டு உட்கார வைத்துக் கேட்க வேண்டும் என்று எழுத்தில் ஆணை வாங்கினாள். அந்த ஆணையை யாருக்காக வாங்கினாள் என்று ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் தெரியும்.

ஒரு நாள் தலைமையாசிரியை அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"வர்ற மாசம் எல்லாப் பள்ளி ஆசிரியர்களும் வர்ற பெரிய கூட்டம் இருக்கு. நீங்கதான் பேசணும். உங்களுக்கு நடந்ததையே பேர் சொல்லாம ஒரு கதை மாதிரி சொல்லுங்க. கேக்குறவங்க மனசு அப்படியே கரைஞ்சுடும். எத்தனையோ பிள்ளைங்களுக்கு நல்லது."

நல்லதுதான். அவள் மனதில் அந்த நிமிடமே வாக்கியங்கள் தாமாக வரிசை கட்டியதை உணர்ந்தாள். எங்கே குரலைத் தாழ்த்துவது, எங்கே நிறுத்துவது என்பது வரை. அதை உணர்ந்ததும் முகம் சூடாகிவிட்டது.

"என்னால முடியாது, மேடம்."

"வெக்கப்பட இதுல என்ன இருக்கு?"

"வெக்கம் என்னோடது, மேடம். கதை என்னோடது இல்லை. பாடம் எடுக்கணும்னா எடுக்குறேன். இனிமே கதை சொல்ல மாட்டேன்."

தலைமையாசிரியைக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. வேறொருவரைப் பேச வைத்தார்கள்.

சிட்டு உடனே ஒட்டிக்கொண்டுவிடவில்லை. குழந்தைகள் எல்லாம் மறந்துவிடுவார்கள் என்று சொல்கிறவர்கள் குழந்தைகளோடு அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். அம்மாவோடு பேசுவாள், சாப்பாடு கேட்பாள், வீட்டுப்பாடத்தில் சந்தேகம் கேட்பாள். அதற்கு மேல் ஒரு கோடு இருந்தது. பள்ளி விட்டதும் முதலில் ஆயாம்மாவிடம் ஓடி ஏதோ குசுகுசுத்துவிட்டுத்தான் வருவாள். அதுவரை அவள் பள்ளி வாசலில் நின்று காத்திருப்பாள். என்ன பேசினாய் என்று கேட்க நாக்கு துறுதுறுக்கும். கேட்டதில்லை.

ஆறேழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது சிட்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதோடு ஒன்று சொன்னாள். பெரிய விஷயம் இல்லை. பயப்படும்படியாகவும் இல்லை. ஆனால் எட்டு வயதுக்கு அது ரகசியம்தான்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அப்பாகிட்ட கூட."

"சொல்ல மாட்டேன்."

அடுத்த ஒரு வாரமும் மகள் தன்னை ஓரக்கண்ணால் கவனிப்பதைப் பார்த்தாள். அப்பாவிடம் போய்ச் சுற்றி வளைத்து ஏதோ கேட்டுப் பார்த்தாள் சிட்டு. வகுப்புத் தோழிகளின் முகத்தை ஆராய்ந்தாள். ஒரு நாள் கணவன் சமையலறைக்கு வந்து, "அன்னைக்கு ரெண்டு பேரும் என்ன குசுகுசுன்னு பேசிட்டிருந்தீங்க? இவ என்னைப் போட்டுக் குடையுறா" என்றான்.

"ஒண்ணுமில்லையே."

"சும்மா சொல்லு."

"ஒண்ணுமில்லைங்க" என்று திரும்பிக்கொண்டாள்.

அந்த ரகசியம் உண்மையில் நடந்ததா, தன்னைச் சோதிக்கக் குழந்தை இட்டுக்கட்டியதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இட்டுக்கட்டியதாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. பெற்ற தாய்க்குப் பரீட்சை வைக்க வேண்டிய நிலைமையில் தன் பிள்ளையை நிறுத்தியதை நினைக்க, அடுப்பின் முன்னால் நின்றவளுக்கு உடம்பு கூசிப்போனது. கதவோரத்தில் சிட்டுவின் பாவாடை நுனி தெரிந்தது. ஒட்டுக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் பார்க்காதது போல் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.